பூப்பந்து மட்டையும் இறகுப்பந்து மட்டையும்

தமிழ்நாட்டில் பூப்பந்து, இறகுப்பந்து என இரண்டு ஆட்டங்கள் உண்டு. இரண்டின் மட்டைகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

இறகுப்பந்தாட்டத்துக்கு 1873-இல் புனேயில் ஆங்கிலேயர் விதிகள் வகுத்தனர். அதற்கும் முன்பே, 1856-இல், தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் கம்பளிப் பந்தால் பூப்பந்து ஆடியதாகக் கூறப்படுகிறது. கம்பளிப் பந்தின் தேவை கடற்கரையில் எளிதில் விளங்கும். தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்தில் வெட்டவெளியில் இறகுப்பந்தை அடித்தால், கடற்காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோய்விடும். கம்பளிப் பந்து ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

இறகுப்பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம். கம்பளிப் பந்து 27 கிராமுக்குக் குறையாது. ஆகவே பூப்பந்து மட்டை 165 கிராமுக்கு மேல் கனக்கிறது. இன்றைய இறகுப்பந்து மட்டை பெரும்பாலும் 80 முதல் 90 கிராம்தான். மெல்லிய மட்டையால் கம்பளிப் பந்தை ஓங்கி அடித்தால் நரம்பு அறும், சட்டமும் விரிசல் விடலாம்.

பழைய மரமட்டைகள் ஈரத்தில் வளைந்துவிடும் என்பதால் அவற்றைத் திருகுச் சட்டத்தில் இறுக்கி வைப்பார்கள். பின்னர் எஃகு, அலுமினியம், கரியிழை என மாறியபோதுதான் எடையை விரும்பிய இடத்தில் வைக்க முடிந்தது. தலைப்பகுதி கனத்த மட்டை, பின்களத்திலிருந்து ஓங்கி அடிப்பவருக்கு உதவும். ஆனால் விரைவில் தோள் வலிக்கும். இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நிற்பவருக்குத் தலை இலேசான மட்டை சட்டென்று திரும்பும். புதிதாக ஆடுவோருக்கு இரண்டுக்கும் நடுவானதும், நரம்பு அதிகம் இறுக்காததும் போதும். உள்ளங்கை வியர்க்கும் கடலோர ஊர்களில் கைப்பிடிச் சுற்றை அடிக்கடி மாற்ற நேரிடும்.