துண்டும் தலையும்: கண்டித் தோட்டங்களில் கங்காணியிலிருந்து சங்கத்துக்கு

தோட்டங்களில் ஆள் திரட்டி மேற்பார்த்த பெரிய கங்காணியின் ஆட்சி தளர்ந்து தொழிற்சங்கம் வேரூன்றிய வரலாற்றை எழுதப் புகும் எவரும் குமாரி ஜயவர்த்தனவிடமிருந்தே தொடங்க வேண்டும். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி 1972இல் வெளிவந்த அவரது நூல், தோட்டத் தொழிலாளரை முதன்முறையாக அந்த வரலாற்றின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. அந்தக் கடன் என்னைப் போன்றோருக்கு என்றும் உண்டு. ஆனால் மாற்றம் எப்படி நடந்தது என்பதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

அவர் வாசிப்பில் கங்காணி ஒரு மதில். கடனாலும் சாதியாலும் உறவாலும் எழுப்பப்பட்ட அந்த மதிலுக்குள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தோட்ட மக்கள் அடைபட்டுக் கிடந்தனர். கொழும்பில் வேலைநிறுத்தங்கள் நடந்த 1920களில்கூட மலைநாடு அசையவில்லை. 1931இல் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோதுதான் மதிலில் முதல் விரிசல் விழுந்தது. அதாவது, மாற்றம் வெளியிலிருந்து வந்தது. உள்ளிருந்தோர் அதற்குக் காத்திருந்தனர். நூலின் ஆய்வு 1930களின் தொடக்கத்தோடு நின்றுவிடுவதால், அடுத்த பத்தாண்டைக் கொண்டு இந்த வாசிப்பைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்கு அமையவில்லை.

என் ஐயம் ஒரு சிறு தாளிலிருந்து பிறந்தது. துண்டு என்று அதற்குப் பெயர். 1854இல் கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் தோன்றிய பிறகு எவ்வளவோ ஆவணங்கள் ஆங்கிலத்தில் குவிந்தன. இந்தத் தாளுக்கு மட்டும் துரைமாரும் சட்டமும் தமிழ்ப் பெயரையே வைத்துக்கொண்டனர். அதில் இருப்பது ஒரே ஒரு நிபந்தனை வாக்கியம்: இவ்வளவு ரூபாய் கட்டப்பட்டால், இன்ன கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கத் தோட்டம் சம்மதிக்கிறது. துண்டை வாங்கிய கங்காணி வேறு தோட்டம் தேடுவார். புதிய துரை பழைய கடனைக் கட்டுவார். அந்தத் தொகை புதிய தோட்டத்தில் கங்காணி பேரில் ஏறும். கடன் தீராது, இடம்தான் மாறும்.

இந்த வாக்கியத்தை இலக்கணமாகப் படித்துப் பாருங்கள். பெயர் சொல்லப்படுவது கங்காணிக்கு மட்டுமே. ஆட்கள் ஒரு தொகுதி. தாளில் கடனாளி யார்? தொழிலாளி அல்ல, கங்காணி. ஜயவர்த்தனவின் மதில் தானே தோட்டத்துக்கு அடகு வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு குடும்பம் தனியாக வெளியேற வழி இல்லாதிருந்ததற்குக் கங்காணியின் குணம் மட்டும் காரணமல்ல. வெளியேறுவதற்கான ஒரே தாள் கூட்டத்தின் பெயரில் எழுதப்பட்டது என்பதும் காரணம்.

1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. அட்டனில் சம்மேளனம் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்துப் பேச்சில் நிலைத்துவிட்ட இன்னொரு தாள் பத்துச்சீட்டு: வேலையை விட்டு நீங்குபவரின் அல்லது நீக்கப்படுபவரின் பெயருக்குக் கொடுக்கப்படுவது. பழைய தாளில் கூட்டம் வெளியேறியது, இந்தத் தாளில் ஆள் வெளியேறுகிறார். இச்சொல் எந்த ஆண்டில் புழக்கத்துக்கு வந்தது என்று அறுதியிட நான் துணியமாட்டேன். 1921க்கு முன்பே இருந்திருக்கக்கூடும். ஆயினும் துண்டு போன பிறகே அது லயத்தில் ஒருவர் பெயரைத் தனியாகக் கூப்பிடும் தாளாகியிருக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். தனிப்பெயர் இல்லாதவரைச் சங்கத்தில் சேர்ப்பது எப்படி?

அடுத்த கேள்வி: கூட்டத்திலிருந்து பிரிந்த ஆள் யார் பின்னே போனார்? கங்காணிக்கு வேலைக்கு வந்த தலைக்கு இத்தனை சதம் என்று தலைக்காசு கிடைத்தது. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் தலை எண்ணுவதே அவர் பிழைப்பு. பின்னாளில் தோட்டத்துச் சங்கத் தலைவரும் தலை எண்ணினார், சந்தாவுக்காக. கணக்கு எதிர்த்திசையில் ஓடியது. ஆனால் லயத்துக்கு ஒரு முகம், துரையிடம் பேச ஒரு வாய் என்ற அமைப்பு கலையவில்லை. மக்கள் அறிந்த அமைப்புக்குள்தான் புதியது குடியேறியது. நடேசய்யர் கங்காணிகளைக் கடுமையாகச் சாடியவர். அவர் கண்ட கொடுமை உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

கம்பளை இதற்கு நல்ல சான்று. 1939இல் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. அதன் கம்பளைக் கிளையை வழிநடத்தியவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அவருடைய தந்தை கருப்பையா கூலியாக வந்து, கங்காணியாகி, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். மகன் படித்தது கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில். மதிலின் உள்வீட்டிலிருந்தே ஒருவர் எழுந்து வந்து சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய அமைப்பு இதுவே. வெளியார் உடைத்தனர் என்ற வாசிப்பு இந்த இடத்தில் நிற்காது.

ஆனால் அதே கண்டி மாவட்டத்தில், ஹேவாஹெட்டப் பக்கம், முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரி 10இல் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அதைத் தொடர்ந்த தகராறில் அமைச்சர் வாரியமே பதவி விலகியது. அந்தப் போராட்டத்தின் பின்னால் நின்றது இடதுசாரிகளான லங்கா சமசமாஜக் கட்சியினரின் சங்கம். கங்காணி வீட்டுத் தலைமை அல்ல. அவ்வாண்டிலேயே துரைமாரும் சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்ததில் முல்லோயாவின் பங்கு பெரிது. இங்கே ஜயவர்த்தனவின் சொல்லுக்கு என் சொல்லைவிட வலு அதிகம். கம்பளையைக் கொண்டு முல்லோயாவை விளக்கிவிட முடியும் என்று நான் வாதிட வரவில்லை.