செறிவு மின்கலம்

ஒரே உலோகம், ஒரே உப்பு. கரைசலின் செறிவு மட்டும் இரு பக்கமும் வேறு. அந்த வேறுபாடு ஒன்றிலிருந்தே மின்னழுத்தம் தரும் அமைப்பு இது. இரண்டு மயில்துத்தக் கரைசல்களில் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு செறிவாக இருக்கட்டும். இரண்டிலும் செப்புத் தகடு நிறுத்தி உப்புப் பாலத்தால் இணைத்தால், 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 30 மில்லிவோல்ட் கிடைக்கும். நீர்த்த பக்கத்துத் தகடு கரையும். செறிந்த பக்கத்தில் செம்பு படியும். இரு பக்கமும் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும்.

இதை வெப்ப இயக்கவியலில் முதலில் கணக்கிட்டவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் (1870-களின் பிற்பகுதி). 1889-இல் வால்தர் நெர்ன்ஸ்ட், வான்ட் ஹாஃபின் சவ்வூடு அழுத்தக் கொள்கையைப் பற்றிக்கொண்டு சமன்பாட்டை வடித்தார். ஒற்றை மின்சுமை அயனிக்குச் செறிவு பத்து மடங்கானால் 59 மில்லிவோல்ட். நூறு மடங்கானாலும் 118-தான். மின்சாரம் எடுக்க இது அற்பம், அளந்து பார்க்கவோ அருமையான கருவி. கண்ணாடிச் சவ்வின் இரு புறமும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் எழுவதை 1906-இல் மாக்ஸ் கிரெமர் கண்டார். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்காக 1934-இல் ஆர்னால்ட் பெக்மன் செய்த கருவியிலிருந்து பிஎச் மீட்டர் பரவியது.

திருப்பூர்ச் சாய ஆலைகளின் ஆய்வகங்களில் இருப்பதும் அந்த மீட்டர்தான். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க, உப்புக்குப் பின் சோடா ஆஷ் போட்டு பிஎச்சை 11-ஐ ஒட்டி ஏற்றுவார்கள். மீட்டரின் கண்ணாடி மின்முனைக் குமிழுக்குள் பிஎச் 7. ஆக வேறுபாடு நான்கு படி (படிக்குப் பத்து மடங்கு), 25 டிகிரியில் சுமார் 237 மில்லிவோல்ட். 60 டிகிரிச் சாயத்தொட்டியில் அதுவே 264 ஆகிவிடும். வெப்பத் திருத்தம் செய்யாத மீட்டரை நம்பினால் சாயக்காரர் ஏமாறுவார்.

2011 ஜனவரியில், கழிவுநீரை நொய்யல் ஆற்றுக்கு விடாமல் முழுதாகச் சுத்திகரிக்கத் தவறிய சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறை கட்டாயத் தேவையாயிற்று. அங்கே செறிவு வேறுபாடு வேறு முகம் காட்டுகிறது: நூற்றுக்கு ஒரு பங்கு சாப்பாட்டு உப்புள்ள நீரின் சவ்வூடு அழுத்தமே ஏறத்தாழ 8 பார். அதை மீறிப் பம்பு தள்ளினால்தான் நல்ல நீர் பிரியும். நெர்ன்ஸ்ட் கையாண்ட அதே அழுத்தத்துக்குத்தான் ஆலை கரண்ட் பில் கட்டுகிறது.

உப்புநீரும் நன்னீரும் கலக்கும்போது மின்சாரம் எடுக்கலாம் என்று 1954-இல் பேட்டில் காட்டினார். மீட்ட உப்புநீரைச் சாயத்துக்கே திருப்பிவிடும் ஆலைக்கு அந்த வழி ஒத்துவராது.