சூடு பரவுவதற்குள்

பீங்கான் தட்டில் ஓட்டை போட்டுப் பாருங்கள். வளைந்து கொடுக்கவே கொடுக்காது, நேரே விரிசல்தான். பல் உறை செய்யும் சிர்கோனியா, மின்னணுச் சில்லுகளைத் தாங்கும் அலுமினா எல்லாம் இந்தக் குடும்பம். வைரம் பதித்த கருவியால் மெல்ல மெல்லத் தேய்த்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரண லேசரால் சுட்டால் பட்ட இடம் கொதிக்கும், பக்கத்து இடம் குளிர்ந்தே கிடக்கும். அந்த இழுபறியில் விரிசல் ஓடும்.

இதற்கான வழியைத் தேடிப் பின்னால் போனால், செராமிக்கைப் பற்றி யோசிக்காத இரண்டு பெண்களிடம் போய் நிற்கிறேன்.

முதலாமவர் மரியா கோப்பர்ட் மேயர். எலெக்ட்ரான் ஒன்று ஒரே சமயத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்க முடியும், தனியே ஒன்றுக்கு வலு போதாவிட்டாலும் இரண்டு சேர்ந்தால் போதும் என்று 1930இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் தன் முனைவர் பட்ட ஆய்வில் சொன்னார். கணக்கு சரிதான், சோதித்துப் பார்க்க அவ்வளவு செறிவான வெளிச்சம் அன்றைக்கு இல்லை. அமெரிக்கா போனவர் பல்கலைக்கழகங்களில் வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். அடுத்த வருடமே மரியாவின் கணக்கு சோதனையில் மெய்யானது. 1963இல் அவருக்கு நோபல் கிடைத்தது, அது அணுக்கரு பற்றிய வேறு வேலைக்காக.

இரண்டாமவர் டானா ஸ்ட்ரிக்லண்ட். 1985இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவின் மாணவி. குட்டி ஒளித்துடிப்பை அப்படியே பெருக்கினால் பெருக்கும் கருவியே கெட்டுப்போகும். இவர்கள் துடிப்பை 1.4 கிலோமீட்டர் கண்ணாடி இழையில் விட்டு நீட்டினார்கள். நீண்டு வலு தணிந்ததைப் பெருக்கினார்கள். பிறகு மறுபடி சுருக்கினார்கள். அவ்வளவுதான்! அந்த வழியில் வந்த லேசர்கள் ஃபெம்டோ வினாடிக் கணக்கில் துடிக்கின்றன. ஒரு வினாடியை 3 கோடி ஆண்டுகளாக இழுத்தால், ஒரு ஃபெம்டோ வினாடி சுமார் ஒரு வினாடி ஆகும்.

இப்போது அலுமினாவுக்கு வருவோம். சாதாரண வெளிச்சத்தின் ஒற்றைத் துகளுக்கு அதன் எலெக்ட்ரான் அசையாது. நெருக்கியடித்து வந்தால் பல துகள்களைச் சேர்த்து விழுங்கும், மரியா சொன்ன மாதிரியே. எலெக்ட்ரான் அந்தச் சூட்டைச் சுற்றியிருக்கும் அணுக்களிடம் கொடுப்பதற்குள் துடிப்பு முடிஞ்சு போச்சு. மேல்படலம் பெயர்ந்து பறக்கிறது. பக்கத்துக்கு அதிகம் சூடு போவதில்லை. துடிப்புகளை ரொம்ப வேகமாக அடுக்கினால் மட்டும் சூடு சேர்ந்து பழைய தொல்லை திரும்பும்.

2018இல் ஸ்ட்ரிக்லண்ட் இயற்பியல் நோபல் பெற்ற மூன்றாவது பெண்ணானார். மேரி கியூரிக்கு அடுத்து, அவருக்கு முன்னால் இருந்த ஒரே பெண் மரியாதான். அந்த 1930 ஆய்வை ஸ்ட்ரிக்லண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருந்தார்.