பேரேட்டிலிருந்து கணினிக்கு: மலையகத் தோட்ட மருத்துவத்தில் நவீன தொழில்நுட்பம் எதிர்கொள்ளும் தடைகள்

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் கணினிவழி மருத்துவம் ஏன் காலூன்றவில்லை என்று கேட்டால், சிக்னல் இல்லை, பணமில்லை, ஆளில்லை என்ற பதில்கள் உடனே வரும். அவை பொய்யல்ல. ஆனால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இந்தத் தடைக்குக் கணினியைவிட வயது அதிகம்.

கோப்பிக் காலத்தில், 1872-இல், தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1912-இல் அது புதுப்பிக்கப்பட்டது. செலவின் பங்கு தோட்டக்காரர்மேல் விழுந்தது. அதோடு மருத்துவத்தின் பிடியும் அவர்கள் கைக்குப் போனது. தோட்டத்து டிஸ்பென்சரியின் பதிவேடு தோட்டத்தை நடத்தும் துரையின் நிர்வாகத்துக்கு உட்பட்டது. காய்ச்சல்காரருக்கு டிஸ்பென்சர் எழுதிக் கொடுத்த துண்டு காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சேரும். மருத்துவப் பதிவு ஆள்கணக்கின் ஒரு பக்கமாகவே இங்கு பிறந்தது.

அக்காலத்தின் நவீன தொழில்நுட்பம் நுண்ணோக்கி. 1916-இல் ராக்பெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மலத்தைச் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. தொழிலாளர் வாழும் லயன் வரிசை வீடுகளில் போதிய மலகூடம் இல்லாததால் அதே ஆட்களுக்கு மறுபடியும் புழு தொற்றியது. கருவி வந்த வேகத்தில் மலகூடம் வரவில்லை. அதற்கான செலவுதான் துரைமாருக்குக் கசந்தது. பின்னர் வந்த ஒவ்வொரு திட்டத்தையும் இந்த அனுபவத்தை மனதில் வைத்தே அளக்க வேண்டும்.

இதற்கு மேல் குடியுரிமைச் சிக்கலும் சேர்ந்தது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமிடையே பங்கு போட்டது. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. இடையில் எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் முயற்சி தொண்ணூறுகளில் தொடங்கியது, முழுமையடையவில்லை.

இந்த வரலாற்றின் விளைவைக் கிளினிக் வரிசையில் பார்க்கலாம். கணினிப் பதிவுக்கு முதலில் வேண்டியவை பெயர், இலக்கம், முகவரி. இங்கே ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாக இருக்கும். அடையாள அட்டையில் இன்னொரு விதமாக, ஊழியர் சேமலாப நிதி அட்டையில் மூன்றாவது விதமாக இருக்கும். தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் வந்த வினை. முகவரியோ தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான்; பல லயன்களுக்குக் கடிதம் இன்றும் தோட்டக் காரியாலயம் வழியாகவே வருகிறது. 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைப்பவர் வழியை வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்பஹாவின் தொம்பே வைத்தியசாலை 2010களின் தொடக்கத்தில் நோயாளர் பதிவைக் கணினிக்கு மாற்றிக் காட்டியது. அங்கே வைத்தியசாலை அரசுடையது. நோயாளியின் ஆவணங்களில் இத்தனை குழப்பமும் இல்லை. மலையகத்தின் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு எழுந்த வைத்தியசாலையை 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். கட்டடம் தேவைதான். ஆனால் மலைமேல் டிஸ்பென்சரியில் எழுதிய குறிப்பு கீழே இருக்கும் வைத்தியசாலைக்கு நோயாளியின் கையிலுள்ள கொப்பியில்தான் இறங்கி வருகிறது. ஒன்று கம்பனியுடையது, மற்றது அரசினுடையது. இந்த இடைவெளியை எந்த மென்பொருளும் நிரப்பாது.

தோட்ட டிஸ்பென்சரிகளை முழுதாகச் சுகாதார அமைச்சின்கீழ் கொண்டுவருவதும், பெயர்ப் பிழைகளைத் தோட்டத்திலேயே நடமாடும் சேவை வைத்துத் திருத்துவதும், லயன்களுக்கு இலக்கம் இடுவதும் முதலில் நடக்க வேண்டும். கணினி வாங்குவது அதற்குப் பிறகு.