டிராம் தடத்தில் கிடைத்த தும்பி

பரம்பிக்குளம், 1914 செப்டம்பர் 16 முதல் 24 வரை, 1700–3200 அடி. கவளை, அதே செப்டம்பர் 24 முதல் 27 வரை, 1300–3000 அடி. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த பூச்சிகளையும் சிலந்திகளையும் பற்றிய பழைய கட்டுரைகளில் இந்த இரண்டு குறிப்புகளும் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சேகரித்தவர் பெயர் எஃப். எச். கிரேவ்லி. பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 20 ஆண்டுகள் இருந்தவர். அன்று கல்கத்தாவில் உதவிக் கண்காணிப்பாளர் பதவி. ஐரோப்பாவில் போர் மூண்டு சில வாரங்களே ஆகியிருந்தன.

கிரேவ்லி நடந்த அந்தக் காடு அப்போது கொச்சி சமஸ்தானத்துக்குச் சொந்தம். பரம்பிக்குளத்துத் தேக்கை வெட்டிச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகச் சமஸ்தானம் காட்டுக்குள் டிராம் பாதை போட்டு, 1907 முதல் ஓட்டிக்கொண்டிருந்தது. செங்குத்துச் சரிவுகளில் மரம் ஏற்றிய பெட்டிகள் கீழே இறங்கும்போது, அந்தக் கனமே வெறும் பெட்டிகளை மேலே இழுத்துவிடும். மரத்துக்காகப் போட்ட அந்தத் தடம்தான் ஆராய்ச்சியாளருக்கும் வழிவிட்டது. அங்கே கிடைத்தவற்றுள் மிக மெல்லிய ஊசித்தும்பி ஒன்று. இங்கிலாந்தில் இருந்த மருத்துவர் எஃப். எஃப். லெய்ட்லா அதை ஆராய்ந்து, மறு ஆண்டே, 1915-இல், 'புரோட்டோஸ்டிக்டா கிரேவ்லி' என்று சேகரித்தவரின் பெயரைச் சூட்டினார்.

கிரேவ்லி நடந்த மலைத்தொடரின் நீளத்தை ஒரே பெயர் கொண்ட இரண்டு ஊர்களை வைத்துச் சொல்லலாம். ஆனைக்கரை என்ற பெயரில் பாலக்காட்டில் ஓர் ஊர் உண்டு, பாரதப்புழைப் பக்கம், வயலும் தென்னையுமாக. இடுக்கியில் குமுளியை அடுத்த ஏலக்காட்டிலும் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு. ஒன்று ஆற்றங்கரைச் சமவெளி, மற்றது மூடுபனி மலை. இவ்விரண்டுக்கும் இடையே நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், ஆனைமலை, மூணாறு, ஏலமலை என்று மலை தொடர்ந்து போகிறது. இந்தியாவில் இதுவரை பதிவான தும்பி, ஊசித்தும்பி இனங்கள் சுமார் 500. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் ஏறத்தாழ 200. கேரளத்தில் 180 அளவில். கேரளத்து இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. இந்தப் பட்டியல் எப்படி உருவானது என்பது நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கதை. சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் ஓடைக்குள் இறங்கியவர்களின் கதையும் அதுதான்.

தொடக்கத்தில் மலையைப் பார்க்காமலேயே பெயர் வைத்தார்கள். மழைவிட்ட வெயிலில் மைதானத்துக்கு மேல் கூட்டமாகச் சுற்றுகிறதே, அந்தப் பழுப்புத் தட்டானுக்கு டென்மார்க்கின் ஃபப்ரீசியஸ் 1798-இலேயே பெயர் தந்துவிட்டார். பிரான்சின் ராம்பூர் 1842-இல் ஒரு பெருந்தொகுப்பு வெளியிட்டார். பெல்ஜியத்துப் பிரபு செலி லோன்ஷாம் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியை உலகத் தும்பிகளுக்கே கொடுத்தார். நீலகிரி என்றோ வெறுமனே இந்தியா என்றோ எழுதிய சீட்டோடு கப்பலில் வந்த உலர்ந்த உடல்கள்தான் அவர்களுக்குக் கிடைத்தவை. எந்த ஓடை, எந்த மாதம், நிழலா வெயிலா என்ற எந்த விவரமும் கூட வரவில்லை.

தும்பியைப் பொறுத்தவரை அது சாதாரணக் குறை அல்ல. வண்ணத்துப்பூச்சியைக் குத்தி வைத்தால் நிறம் பல ஆண்டு நிற்கும். தும்பி செத்த ஓரிரு நாளிலேயே நீலமும் பச்சையும் மங்கிக் கருத்துப் போகும். உயிரோடு இருக்கும்போதே நிறத்தை எழுதி வைத்தால்தான் உண்டு. அதனால் ஓடைக்கே போகிற ஒருவர் தேவைப்பட்டார்.

அவர் பெயர் ஃப்ரெடெரிக் சார்ல்ஸ் ஃப்ரேசர். 1880-இல் பிறந்தவர், இந்திய மருத்துவப் பணியில் இராணுவ டாக்டர். தென்னிந்தியாவில் பணியாற்றிய காலத்தில் குடகு, நீலகிரி, வயநாடு, ஆனைமலை, திருவிதாங்கூர் என்று மலை மலையாக வலையோடு அலைந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் 1918 முதல் இந்தியத் தும்பிகளைப் பற்றி நீண்ட தொடர் எழுதினார். 1924-இல் கல்கத்தா அருங்காட்சியகத்தின் ஆய்வேட்டில் மேற்கிந்தியத் தும்பிகளின் கணக்கெடுப்பு என்ற பெரிய கட்டுரை வந்தது. ஒரே கட்டுரையில் முப்பது புதிய இனங்கள். 1931-இல் அதற்கு ஓர் இணைப்பு. அதில் மேலும் ஒன்பது. இவையெல்லாம் பிரிட்டிஷ் இந்திய உயிரினத் தொகுதி வரிசையில் 1933, 1934, 1936 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக ஒன்றுசேர்ந்தன. இன்றும் கேரளத்திலோ தமிழகத்திலோ ஒரு தும்பியை ஐயமறப் பிரித்தறிய வேண்டுமானால் அந்த மூன்று பாகங்களைப் புரட்டாமல் முடியாது.

ஃப்ரேசர் வைத்த பெயர்களை வரிசையாகப் படித்தால் மலைச்சாலைப் பேருந்தின் ஊர்ப்பலகையைப் படிப்பது போலிருக்கும்: நாடுகாணி, பர்லியார், கல்லாறு, தாமரச்சேரி, குடகு, திருவிதாங்கூர். ஆனைமலையின் பெயரைத் தாங்கியது 'மேக்ரோமியா ஆனைமலையென்சிஸ்', 1931-இல் பெயர் பெற்ற பெரிய ஆற்றுத்தும்பி. ஊர்களுக்கு அடுத்தபடி ஆட்களின் பெயர்கள். குடகில் கமிஷனராக இருந்த ஹானிங்டன், காட்டிலாகா அதிகாரி ஹெர்சி, லண்டன் அருங்காட்சியகத்தின் கேம்பியன் எல்லாருக்கும் ஆளுக்கொரு தும்பி. லெய்ட்லாவும் ஃப்ரேசரும் ஒருவருக்கொருவர் பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1920-இல் லெய்ட்லா ஓர் அருவித்தும்பிக்கு ஃப்ரேசர் பெயரை வைத்தார். 1924-இல் ஃப்ரேசர், காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகளை ஒட்டிய ஓடைகளில் வாழும் ஒரு சின்ன நீலத் தும்பிக்கு லெய்ட்லா பெயரை வைத்தார். இரண்டு மருத்துவர்களும் இறந்தது ஒரே ஆண்டில், 1963-இல்.

இந்தப் பெயர் வரிசையில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. பரம்பிக்குளத்தின் காடர்கள், மலசர்கள், இடுக்கியின் முதுவர்கள் என்று இந்தக் காட்டை அறிந்த மக்களில் ஒருவர் பெயர் கூட இதில் இல்லை. அவர்கள் வழிகாட்டாமல் அந்தக் காலத்தில் வெளியார் யாரும் உட்காட்டில் சுற்றியிருக்க முடியாது. சீட்டில் இடம் பிடித்தது சேகரித்தவரின் பெயர் மட்டுமே. அறிவியல் வரலாறு இன்னும் தீர்க்காத கடன் இது.

ஃப்ரேசரின் வேலை ஏன் நிலைத்தது என்று புரிய வேண்டுமானால் கிரேவ்லியின் ஊசித்தும்பியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பட்டப்பகலிலும் இருட்டாகக் கிடக்கும் ஓடைக்கரை. நீர் கசியும் பாறை இடுக்கில் தொங்கும் வேர்நுனியில் ஏதோ ஒரு நார் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் அது ஒரு கருத்த வயிறு. ஈர்க்கை விட மெலிசு. கணுவுக்குக் கணு வெளிறிய வளையம். கண்கள் மட்டும் நீலப்பச்சையாக மின்னும். இறக்கைகள் அந்த நீளத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவு சிறியவை. விரட்டினாலும் ஓரிரண்டு முழம் தள்ளிப்போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதே சாயலில் இந்த மலைத்தொடரில் இன்னும் பத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆணின் வயிற்று நுனியில் பெண்ணின் கழுத்தைப் பற்றிக்கொள்ள ஓர் இடுக்கி உண்டு. அது இனத்துக்கு இனம் வேறு வடிவம். லென்ஸை வைத்து அந்த இடுக்கியைப் பார்த்தால்தான் இனம் பிடிபடும். ஃப்ரேசர் இனம் இனமாக அதை வரைந்து வைத்தார். அந்தக் கோட்டுப் படங்கள் இன்றும் பயன்படுகின்றன.

இன்னொன்றையும் அவர் கவனித்தார்: காலம். 1924 கட்டுரையில் தனி அக்கறையோடு ஆராயப்பட்ட 'இடியோனிக்ஸ்' என்ற இனக்குழு, தென்மேற்குப் பருவமழையை ஒட்டிச் சில மாதங்கள் மட்டும் பறப்பது. அதுவும் அந்தி சாயும் நேரத்தில், மர நிழலில். ஜனவரி வெயிலில் மலையேறிப் பார்த்தவர் இங்கே அப்படி ஒன்று இல்லை என்றுதான் எழுதுவார். மழையில், அட்டைக்கடியில், சாயங்காலத்தில் நிற்கத் துணிந்தவருக்குத்தான் அது அகப்படும். 

பாலக்காட்டுக் கணவாயின் அருமையும் இந்தக் கணக்கெடுப்புகளால்தான் தெளிந்தது. மலைச்சுவரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் இந்த வாசல் காற்றுக்கும் மனிதருக்கும் வழி. ஓடையை விட்டு நகராத பூச்சிக்கு அதுவே வேலி. சிவந்த தொடையும் கருத்த பின்னிறக்கையும் கொண்ட ஓர் அருவித்தும்பி கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை முதல் அகத்தியமலை வரை இருக்கிறது; வடக்கே நீலகிரிப் பக்கம் அதன் இடத்தில் அதன் உறவினம் வாழ்கிறது. மைதானத்துப் பழுப்புத் தட்டானோ இதற்கு நேர் எதிர். மாலத்தீவில் வசித்த உயிரியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதிய கட்டுரை, அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடலைத் தாண்டுவதாகக் கருத இடம் தந்தது. ஒன்றுக்கு இந்துமாக்கடல் தடையில்லை. மற்றதற்கு 30 கிலோமீட்டர் வெயில் தடை.

ஃப்ரேசர் இங்கிலாந்து திரும்பியபின் மலை வெகுகாலம் தனித்துக் கிடந்தது. அவருடைய மூல மாதிரிகள் லண்டனில். இங்கே இருந்த ஆய்வாளர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அவர் நூல்தான் துணை. அந்த இடைவெளியில் ஓடைகளின் தலையெழுத்து மாறிவிட்டது. 1958-க்குப் பின் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் எழுந்தது. கிரேவ்லி நடந்த பரம்பிக்குளத்தில் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று அணைகள் வந்தன. அந்த நீர் பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குப் பாய்கிறது. 1976-இல் இடுக்கி அணை. கொங்குச் சீமை பரம்பிக்குளம்–ஆழியாற்றுத் தண்ணீரால் பிழைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஓடும் நீர் தேங்கினால் சமவெளித் தட்டான்கள் பெருகும், அருவித்தும்பிகள் போய்விடும் என்பதும் உண்மை. முழுகுவதற்கு முன் அங்கே என்னென்ன இருந்தன என்பதற்குச் சான்று 1914-ஐப் போன்ற பழைய சேகரிப்புகள் மட்டும்தான். ஒரு பட்டியலின் மதிப்பு இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரிகிறது.

இரண்டாவது காலகட்டத்தைத் தொடங்கி வைத்தது கேரளத்தின் சொந்த முயற்சி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கோழிக்கோடு நிலையத்தில் எமிலியம்மா, இராதாகிருஷ்ணன், ஜாஃபர் பாலோட் ஆகியோர் 2005-இல் கேரளத்துத் தும்பிகளுக்குப் படக் கையேடு கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு கே. ஏ. சுப்பிரமணியனின் தீபகற்ப இந்தியக் கையேடு வெளியானது. 2013-இல் கிரணும் டேவிட் ராஜுவும் கேரளத் தும்பிகளுக்குக் கள வழிகாட்டி எழுதினார்கள். டிஜிட்டல் கேமரா கைக்கு வந்தபின் ஆசிரியர், வங்கி ஊழியர், மருத்துவர், மாணவர் என்று பலர் ஓடைக்கு வந்தார்கள். பெரியார், சைலண்ட் வேலி போன்ற காடுகளில் வனத்துறையும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து முகாமிட்டுக் கணக்கெடுக்கின்றன. குழு குழுவாகப் பிரிந்து, ஆளுக்கொரு ஓடை வழியே நடந்து, கண்டதைப் படமெடுத்துக் குறித்துக்கொண்டு மாலையில் ஒன்றாக உட்கார்ந்து சரிபார்ப்பது முறை. இன்று காடரும் மலசரும் வனத்துறைக் காவலர்களாக முன்னே நடக்கிறார்கள்.

பலன் வியக்கவைக்கிறது. கிரேவ்லியின் ஊசித்தும்பிக் குழுவில் மட்டும் 2020-இல் ஒரே கட்டுரையில் மூன்று புதிய இனங்கள். அவற்றுள் ஒன்று இடுக்கிக்கு அண்டையிலுள்ள தேனி மாவட்டத்து மேகமலையில் கிடைத்தது. 'சோலை' என்ற தமிழ்ச் சொல்லே அதன் அறிவியல் பெயரில் ஏறியிருக்கிறது. 2022-இல் ஆனைமலையின் பெயரால் இன்னொன்று. முதல் இனத்தை விவரித்து நூறாண்டு கடந்த பின்னும், அதே மலைகளில், அதே குழுவில் பெயரில்லாதவை இருந்திருக்கின்றன என்றால், ஃப்ரேசர் குறைவாகப் பார்த்தார் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு ஓடைக்கும் உரிய மாதத்தில், உரிய வேளையில் ஆள் போய்ச் சேரவில்லை. அதுதான் காரணம்.

இன்னும் போய்ச் சேராத ஓடைகள் நிறைய. புகலிடக் காடுகளுக்குள் கணக்கு நடக்கிறது. ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நடுவே ஓடுபவற்றை எட்டிப் பார்ப்பவர் குறைவு. ஏலத்துக்கு மர நிழல் வேண்டும். அந்த நிழலே ஊசித்தும்பிக்கும் வேண்டும். ஆனால் தும்பி பல மாதங்கள் நீருக்குள் லார்வாவாக வளர்கிறது. தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிமருந்து முதல் மழையிலேயே அந்த நீருக்குள் இறங்குகிறது. தோட்டக்காரர்கள் ஓடையின் இரு கரையிலும் மரத்தையும் புதரையும் விட்டுவைத்து, கரையோரத்தில் மருந்தடிப்பதை நிறுத்தினாலே பெரிய உதவி. ஆனைமலையும் பரம்பிக்குளமும் அடுத்தடுத்த புலிகள் காப்பகங்கள். தும்பிக்கு மாநில எல்லை தெரியாது. தமிழக, கேரள வனத்துறைகள் ஒரே வாரத்தில், குறித்து வைத்த அதே ஓடைகளில், ஆண்டுதோறும் கூட்டாகக் கணக்கெடுக்க முன்வர வேண்டும். அந்த வாரம் ஜூன் மழையில் அமைய வேண்டும். பொள்ளாச்சி, பாலக்காடு, கட்டப்பனை, தேனிக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் குடையோடும் லென்ஸோடும் அதில் சேரட்டும்.