தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மதுரை

தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மதுரை அரசரடியில் இயங்கும் கிறிஸ்தவ ஊழியர் பயிற்சி நிறுவனம். போதகர்களைத் தமிழ்வழியில் உருவாக்கும் இக்கல்லூரி, செராம்பூர்ப் பேரவையோடு இணைந்து பட்டம் வழங்குகிறது.

1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலிய சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. லுத்தரன் சபைகள் அதில் சேரவில்லை. சபைகளால் முடியாத அந்த இணைப்பைக் கல்விக்கூடம் சாதித்தது. நாசரேத்தை அடுத்த திருமறையூரில் இருந்த தென்னிந்தியத் திருச்சபையின் இறையியல் கல்லூரியும் தரங்கம்பாடியின் லுத்தரன் இறையியல் கல்லூரியும் 1969இல் ஒன்றாகி மதுரைக்கு வந்தன. தரங்கம்பாடி மரபு பழமையானது. 1706இல் அங்கு வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1716இலேயே உபதேசியார் பயிற்சியைத் தொடங்கியிருந்தார்.

முதல் முதல்வர் சாமுவேல் அமிர்தம். பின்னாளில் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியல் கல்விப் பிரிவை வழிநடத்தி, தென்கேரளப் பேராயரும் ஆனார்.

பிரசங்கமும் வேத விளக்கமும் மட்டும் தெரிந்தால் போதாது, ஊரையும் அறிய வேண்டும் என்பது இக்கல்லூரியின் பிடிவாதம். மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி ஏழை மக்களிடையே தங்கிப் பயின்றனர். ஜெர்மனியில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற கேப்ரியல் டீட்ரிச் இங்கே சமூகப் பகுப்பாய்வைப் பாடமாக நடத்தினார். பெண்கள் இயக்கத்திலும் முன்னின்றார். தலித் ஆதார மையமும் இங்கே உருவானது.

இந்தப் போக்குக்கு இசை வடிவம் தந்தவர் இங்கே ஆசிரியராக இருந்த, ‘பறட்டை’ என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு. கீர்த்தனையும் மேனாட்டு ஞானப்பாட்டும் கோலோச்சிய வழிபாட்டில், நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தார். சாவுக்கு அடிக்கும் கொட்டு என்று ஒதுக்கப்பட்ட பறை, கல்லூரி ஆராதனையில் ஒலித்தது. ‘ஒரு உலை’ என்ற அவரது கருத்தும் மாணவரிடையே ஊன்றியது: எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில் வெந்து, எல்லாரும் உட்கார்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்றார். யார் கையால் யார் சாப்பிடலாம் என்று சாதி வரையறுத்த ஊர்களில், அது சோற்றுப் பானையிலிருந்தே தொடங்கும் சீர்திருத்தம்.

அப்பாவு 2005இல் காலமானார். அவரது இசையையும் இறையியலையும் ஆராய்ந்து அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது. ஞானப்பாட்டு மரபு வேரூன்றிய தமிழ்ச் சபைகளில் பறைக்கும் இடமுண்டு என்று நிலைநாட்டியதில் அரசரடியின் பங்கு பெரிது.