பொடி கரைத்துக் குடித்தால் எடை குறையுமா? - திரவ உணவின் கதை

1988 நவம்பர் 15. அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஓப்ரா வின்ஃப்ரே ஒரு சின்ன சிவப்பு வண்டியை இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். வண்டி நிறைய விலங்குக் கொழுப்பு! எடை 67 பவுண்டு, அதாவது சுமார் 30 கிலோ. அவர் உடம்பிலிருந்து குறைந்த எடையும் அதுதான். நான்கு மாதம் திட உணவே சாப்பிடாமல், மருத்துவக் கண்காணிப்பில் ஆப்டிஃபாஸ்ட் என்ற பானத்தை மட்டும் குடித்து அவர் இதைச் சாதித்திருந்தார். பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆனால் அந்தக் கதை அந்த மேடையோடு முடியவில்லை. குறைந்த எடை திரும்பி வந்தது. 1990இல், இனி டயட்டே கிடையாது என்று அதே ஓப்ரா அறிவித்தார்.

அப்படியென்றால் அந்தப் பானம் வேலை செய்ததா, இல்லையா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அறுபது ஆண்டுக் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் பட்டினி

திரவ உணவு என்பது என்ன? புரதம், வைட்டமின், தாது உப்புகள் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்து, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிப்பது. ஒரு சராசரி மனிதருக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவை என்றால், இதில் கிடைப்பது 800 கலோரி அல்லது அதற்கும் கீழே. மீதியை உடம்பு தன்னிடம் சேர்ந்திருக்கும் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கணக்கு மிகவும் எளிது!

இதற்கு முன்னோடி பட்டினி வைத்தியம். 1960களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உடல் பருமன் அதிகம் உள்ளவர்களை மருத்துவமனையில் வைத்துப் பல வாரங்கள் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அதில் மிகவும் பேசப்பட்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியரி என்ற இளைஞர். 1965 ஜூனில் டண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் பட்டினியைத் தொடங்கினார். தண்ணீர், தேநீர், காபி, வைட்டமின்கள்... அவ்வளவுதான். 382 நாட்கள்! 456 பவுண்டாக இருந்தவர் 180 பவுண்டுக்கு வந்தார். ஐந்து ஆண்டுக்குப் பிறகும் 196 பவுண்டுதான் இருந்தார் என்று 1973இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது.

இதைப் படித்ததும் நாமும் முயலலாமே என்று யாருக்கும் தோன்றலாம். ஆனால் அதே காலத்தில் இதே வைத்தியத்தில் சிலர் இறந்தும் போனார்கள். காரணம், பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை, தசையையும் சேர்த்தே எரிக்கிறது. இதயமும் ஒரு தசைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பட்டினியோடு கொஞ்சம் நல்ல புரதத்தையும் உப்புகளையும் கொடுத்தால் தசை காப்பாற்றப்படுமா? இந்தக் கேள்வியிலிருந்துதான் நவீன திரவ உணவு பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஜார்ஜ் பிளாக்பர்ன், புரூஸ் பிஸ்ட்ரியன் போன்றவர்களும், கிளீவ்லாந்தில் சால் ஜெனூத், விக்டர் வெர்ட்டெஸ் போன்றவர்களும் இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் நோயாளிகளை அடிக்கடி வரவழைத்து ரத்தத்தையும் இதயத் துடிப்பையும் சோதித்தார்கள். கிளீவ்லாந்தில் நடந்த அந்த வேலையிலிருந்து வந்ததுதான் ஆப்டிஃபாஸ்ட்.

கடைக்கு வந்த 'கடைசி வாய்ப்பு'

மருத்துவமனைக்குள் இருந்த யோசனை ஒன்று கடைக்கு வந்தால் என்ன ஆகும்? 1976இல் ராபர்ட் லின் என்ற அமெரிக்க மருத்துவர் 'கடைசி வாய்ப்பு டயட்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. அவருடைய புரோலின் என்ற பானமும், அதைப் பார்த்து மற்ற கம்பெனிகள் போட்ட பானங்களும் சூடாக விற்பனையாயின.

அவற்றில் இருந்த புரதம் எது தெரியுமா? மாட்டுத் தோல், எலும்பு, தசைநார் போன்ற கழிவுகளைக் காய்ச்சி எடுத்த கொலாஜன்! அதில் சுவையும் நிறமும் சேர்த்து பாட்டிலில் அடைத்தார்கள். புரதம் என்று லேபிளில் எழுதலாம், தப்பில்லை. ஆனால் உடம்புக்கு அத்தியாவசியமான அமினோ அமிலங்கள் அதில் சரியான அளவில் கிடையாது. நாளொன்றுக்குக் கிடைத்ததோ 300, 400 கலோரிதான்.

1977இல் மரணச் செய்திகள் வரத் தொடங்கின. ஏறக்குறைய 60 மரணங்கள் அமெரிக்க அரசின் கவனத்துக்கு வந்தன. அவற்றில் 17 பேரைப் பற்றி மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்து 1979இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் இளம் வயது, நடு வயதுப் பெண்கள். சராசரியாக ஐந்து மாதத்தில் 40 கிலோவுக்கு மேல் குறைத்தவர்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று இறந்திருந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறந்தவர்களில் மருத்துவரிடம் போய் வந்துகொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். ஆக, மேற்பார்வை என்ற வார்த்தை மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. எதை மேற்பார்வை செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வாரம் ஒருமுறை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்து "சபாஷ்" சொல்வதும் மேற்பார்வைதான். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு, இசிஜி எப்படி இருக்கிறது, சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று பார்ப்பதும் மேற்பார்வைதான். இரண்டும் ஒன்றா?

400 கலோரிக்குக் கீழே உள்ள இத்தகைய புரத உணவுகள் கடுமையான நோயையோ மரணத்தையோ உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கையை லேபிளில் போட வேண்டும் என்று பிறகு அமெரிக்காவில் விதி வந்தது.

பிரிட்டனில் இன்னொரு பாதை

அட்லாண்டிக்கின் மறுகரையில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆலன் ஹோவர்டு தரமான பால் புரதமும் வைட்டமின்களும் உப்புகளும் சேர்த்து ஒரு பொடியை உருவாக்கினார். நாளைக்கு 330 கலோரி. 1980இல் அமெரிக்காவிலும், 1984இல் பிரிட்டனிலும் 'கேம்பிரிட்ஜ் டயட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இதை விற்றவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்ல, ஆலோசகர்கள் என்று அழைக்கப்பட்ட விற்பனையாளர்கள். வியாபாரம் எந்த அளவு நடந்தது என்றால், ஹோவர்டின் அறக்கட்டளை கொடுத்த பணத்தில் கேம்பிரிட்ஜின் டவுனிங் கல்லூரியில் கட்டிடங்களே எழுந்தன!

1987இல் பிரிட்டிஷ் அரசின் நிபுணர் குழு ஒன்று தலையிட்டது. பெண்களுக்குக் குறைந்தது 400 கலோரி, ஆண்களுக்கும் உயரமான பெண்களுக்கும் 500 கலோரி வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேம்பிரிட்ஜ் பொடியும் அதற்கேற்ப மாற்றப்பட்டது.

கடைசி பாக்கெட்டுக்குப் பிறகு

நல்ல புரதம், போதுமான உப்புகள், முறையான பரிசோதனை... இதெல்லாம் வந்தபின் மரண பயம் பெருமளவு குறைந்தது. வேறு தொல்லைகள் இருந்தன. 1989இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு வாரம் திரவ உணவில் இருந்த 51 பேரில் 13 பேருக்குப் பித்தப்பையில் கல் உருவாகியிருந்தது. எடை வேகமாகக் குறையும்போது இது நடக்கும். இதைத் தடுக்க மருந்து உண்டு, ஆனால் யாராவது கவனிக்க வேண்டும்.

அடுத்த பிரச்சினைதான் பெரியது. எடை திரும்பி வந்தது! ஓப்ராவுக்கு மட்டுமல்ல, பெரும்பாலோருக்கும். 1991இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஆப்டிஃபாஸ்ட், மெடிஃபாஸ்ட், அல்ட்ராஃபாஸ்ட் என்ற மூன்றின் விளம்பரங்கள் மீதும் நடவடிக்கை எடுத்தது. குறைந்த எடை அப்படியே நிற்கும் என்று ஆதாரமில்லாமல் சொல்லக் கூடாது என்பது அதில் முக்கியமானது. 1993இல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்றும் இதையே சொன்னது: முறையான கண்காணிப்பில் பாதுகாப்பானது, வேகமாகக் குறைக்கிறது, ஆனால் நீண்ட காலத்தில் மற்ற டயட்டுகளை விட மேலானதல்ல.

வணிகக் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு விசித்திரம் தெரியும். சாதாரணமாக ஒரு பொருள் பலன் தராவிட்டால் வாடிக்கையாளர் போய்விடுவார். இங்கேயோ எடை திரும்பி வந்தவர் "தப்பு என் மேல்தான்" என்று தன்னையே நொந்துகொண்டு மறுபடி அதே கடைக்கு வருகிறார். விற்பவருக்கு நஷ்டமே இல்லை!

சர்க்கரை நோயாளிகள் தந்த மறுவாழ்வு

இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 2011இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழுவினர் டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு 600 கலோரி உணவை எட்டு வாரம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்தது!

அடுத்து டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் சேர்ந்து நடத்திய டைரக்ட் என்ற பெரிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள் மட்டும் சேர்க்கப்பட்டார்கள். மூன்று முதல் ஐந்து மாதம் சுமார் 850 கலோரி பானம். பிறகு படிப்படியாக வீட்டு உணவு. அதற்குப் பிறகும் விடவில்லை, மாதந்தோறும் செவிலியரோ உணவு ஆலோசகரோ சந்தித்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே இறங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது வெறும் 4 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 36 சதவீதம். ஐந்தாண்டு வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம்.

46, 36, 13... இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் சொன்னால் அது விளம்பரம். கடைசி எண்ணை மட்டும் சொன்னால் அது அவநம்பிக்கை. ஐந்தாம் ஆண்டிலும் அவர்கள் தொடங்கிய எடையை விடச் சராசரியாக சுமார் 6 கிலோ குறைவாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை 2020இல் இதை முன்னோட்டமாகத் தொடங்கி இப்போது இங்கிலாந்து முழுவதும் இலவசமாகவே தருகிறது. பன்னிரண்டு வாரம் பானம், மொத்தம் ஓராண்டு துணை. ஆசிய வம்சாவளியினருக்கு எடை வரம்பைச் சற்றுக் குறைத்து வைத்திருக்கிறார்கள். குறைந்த எடையிலேயே அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதுதான் காரணம்.

முடிவாக

திரவ உணவு எடையைக் குறைக்குமா என்பது ஒரு காலத்திலும் சந்தேகமாக இருந்ததில்லை. புரோலின் கூடக் குறைத்தது! பிரச்சினை எப்போதும் இரண்டு இடத்தில்தான். குடிக்கும்போது யார், எதைப் பார்க்கிறார்கள்? குடித்து முடித்தபின் யார் கூட இருக்கிறார்கள்? 1977இல் உயிர்கள் போனது முதல் கேள்விக்குப் பதில் இல்லாததால். 1988க்குப் பிறகு எடை திரும்பியது இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாததால்.

எனவே பொடி விற்கும் யாரிடமும் "எத்தனை கிலோ குறையும்?" என்று கேட்டுப் பயனில்லை. அதற்கு எல்லோரிடமும் அழகான பதில் இருக்கும். "எந்தெந்த ரத்தப் பரிசோதனை, எத்தனை நாளைக்கு ஒருமுறை? நான் சாப்பிடும் மாத்திரைகளை யார் மாற்றித் தருவார்? பன்னிரண்டாவது வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை காலை என்ன சாப்பிடுவது, யாரைக் கேட்பது?" என்று கேட்க வேண்டும். தடுமாறினால், விற்கப்படுவது பொடி மட்டும்தான்.

2024இல் ஓப்ரா தன் பழைய நிகழ்ச்சிகளைத் திரும்பிப் பார்த்து, எட்ட முடியாத டயட் ஆசைகளைப் பரப்பியதில் தனக்கும் பங்கு உண்டு என்று மன்னிப்புக் கேட்டார். அந்தச் சிவப்பு வண்டியையும் மறக்காமல் குறிப்பிட்டார். குறைந்த 67 பவுண்டையும் உலகத்துக்குக் காட்ட ஒரு வண்டி இருந்தது. அது திரும்பி வந்த நாட்களில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை எந்தக் கேமராவும் காட்டவில்லை.